ஆற்றோர வழி சுற்றுத்தான்

என்னங்க,

மகளைப் பார்க்க முதல் பஸ்ஸில் மலைக்குக் கிளம்பிவிட்டேன். எழுப்பினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள், அதனால் எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். டீச்சரம்மா வந்தால், தைத்த சட்டை மிஷின் மேல் இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மலைக்கு இரண்டு வழியாம். பாலத்து வழி குறுக்கு. ஆற்றோர வழி சுற்று. வழி பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, பாலத்துப் பக்கமிருந்து இறங்கி வருகிற லாரிகளின் டயரைப் பார்க்க வேண்டுமாம். ஈரச் செம்மண் அப்பியிருந்தால் மேலே மண் சரிந்திருக்கிறது, பேசாமல் ஆற்றோரமாகப் போய்விட வேண்டும்.

"எங்க ஊர்ல போர்டை யாரும் படிக்க மாட்டாங்கம்மா, டயரைத்தான் படிப்பாங்க" என்கிறாள் உங்கள் மகள். "மாட்டு டாக்டருக்குப் படிச்சது அந்தக் காட்டுக்குப் போகவா?" என்று நீங்கள் குதித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் 'எங்க ஊர்'!

அங்கே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி வழிவிடுமாம். யாருக்கும் விட்டுக்கொடுக்காத உங்களுக்கென்றே போட்ட சாலை போலிருக்கிறது.

கார் சாவி ஆணியில் தொங்குகிறது.

கேட்க மறந்துவிட்டேன்: போன வாரம் சத்தமில்லாமல் காருக்குப் புது பிரேக்கும், பனிமூட்டத்துக்குப் போடுகிற மஞ்சள் விளக்கும் மாட்டி வந்தீர்களே, மூலைக்கடையில் பால் வாங்கவா?