நாலாவதாக நின்றவள்

இன்று காலை உன் கேமராப் பையைத் திறந்தேன். ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட வேண்டியிருந்தது. அதன் மூடி சரியாக நிற்காது என்பதால், நீ தலைமுடிக்குப் போடும் கறுப்பு ரப்பர் வளையத்தைச் சுற்றி இறுக்கி வைத்திருந்தாய். வளையத்தைக் கழற்றியபோது அதில் சிக்கியிருந்த உன் முடி ஒன்று என் விரலோடு வந்தது. நுனி செம்பட்டையான, நீளமான முடி. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பேட்டரியைப் போட்டு, முடியையும் சேர்த்தே வளையத்தைத் திரும்பச் சுற்றிவிட்டேன்.

ராயகிரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் கணவன், மனைவி, ஒரு பெண் குழந்தை, அவ்வளவுதான். மூன்று பேர் என்பதால்தான் ரிமோட் வேண்டும்.

இந்தக் கணக்கு எங்கள் வீட்டில்தான் தொடங்கியது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்பா விசைத்தறிக் கூடத்து வேலைக்காரர். தறிச் சத்தத்தில் பழகி, வீட்டிலும் கூப்பாடு போட்டுத்தான் பேசுவார். அம்மா மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போகிறவள். வாய் திறந்து எதையும் அதிகம் கேட்காத நான், அந்த ஒரு தடவை கேட்டேன்: பட்டமளிப்பு அங்கியில் நான் நடுவில் நிற்க, அம்மாவும் அப்பாவும் இரண்டு பக்கமும் நிற்கிற ஒரு படம். அம்மா உடனே தலையாட்டி மறுத்துவிட்டாள்.

"மூணு பேரா நின்னு போட்டோ எடுக்கப்படாது மக்கா. மூணு பேர்ல ஒருத்தருக்கு ஆகாது."

எங்கள் வீட்டிலோ இருப்பதே மூன்று பேர். அதனால் எல்லோரும் சேர்ந்திருக்கிற படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

உன்னிடம் சொன்னபோது நீ சிரித்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தோம். பிறகு நான் கல்லூரிக்குப் போனேன். நீ பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு சடங்கு வீடு, வளைகாப்பு வீடு என்று போக ஆரம்பித்தாய். பொம்பளைப் பிள்ளையே வந்து எடுக்கிறாள் என்று உன்னைத்தான் தேடிக் கூப்பிட்டார்கள்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நாலாவது ஆளா நான் நிக்கேன்."

"அப்ப யாரு எடுக்க? பக்கத்து வீட்டுல யாரையாவது அமுக்கச் சொல்லுவோமா?"

"என் கேமராவ அடுத்தவ கையில கொடுக்கவா? உங்க அம்மா கம்மலக் கழத்திக் கொடுப்பாளா? டைமர் இருக்குட்டி."

மாடியில், கோபுரம் பின்னால் தெரிய எங்களை நிறுத்தினாய். டைமரை வைத்துவிட்டு ஓடி வந்தாய். துணி காயப்போடும் கயிற்றில் கால் மாட்டி விழுந்தாய். நாங்கள் மூன்று பேரும் குனிந்து உன்னைப் பார்க்கும்போது கேமரா தன் வேலையைச் செய்துவிட்டது.

"ஏ ஆத்தி! மூணு பேரா எடுத்துட்டே!" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

"பிள்ள விழுந்து கெடக்கா, நீ ஆள எண்ணிக்கிட்டு இருக்க!" என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

நீ தரையில் கிடந்தபடியே, "நானும் இங்கனதான கெடக்கேன் சித்தி, நாலு பேருதான்" என்றாய். அம்மா மசியவில்லை. அந்தப் படத்தைத் தன் கண் முன்னால் அழிக்க வைத்தாள். "அழிஞ்சிட்டா? நல்லாப் பாத்தியா? அடியில எங்கயும் இல்லியே?" அன்றைக்கு அதற்கு மேல் நிற்க மாட்டேன் என்று இறங்கிப் போய்விட்டாள். சாயங்காலம் அங்கியைக் கல்லூரியில் திருப்பிக் கொடுத்தேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நீ அப்படி நினைக்கவில்லை. மறுநாளே ரிமோட் தேட ஆரம்பித்தாய். ஃபோனை வைத்துக்கொண்டு நீ அதைத் தேர்ந்தெடுத்த விதத்தை நான் இன்றைக்கும் வியக்கிறேன். உன் கேமரா கம்பெனியே செய்த ரிமோட்டின் விலையைப் பார்த்ததும், "இது நமக்கில்ல, பேருக்குக் கொடுக்க காசு" என்று தள்ளினாய். மலிவானதில் ஆகக் குட்டியான ஒன்றை நான் காட்டினேன். அழகாக இருந்தது.

"இது டிவி ரிமோட் மாதிரிட்டி. கேமரா மூஞ்சிக்கு நேரா நீட்டணும். படத்துல நான் துப்பாக்கியும் கையுமா நிப்பேன். வெயில்ல வேற ஒழுங்கா வேல செய்யாது."

"அப்ப இந்த வயர் வச்சது?"

"கட்டிப்போட்ட ஆடு மாதிரி வயரு நீளத்துக்குத்தான் நிக்க முடியும். உங்க அப்பா மூக்கு மட்டுந்தான் தெரியும்."

கடைசியில் நீ நிறுத்தியது இரண்டு துண்டாக வருகிற ஒன்றில். ஒரு துண்டு கேமராவின் தலையில் உட்கார்ந்து ஒரு சின்ன வயரால் அதோடு சேர்ந்துகொள்ளும், மற்றது கையில். முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்து அமுக்கினாலும் எடுக்கும். யாரும் கேள்விப்படாத பெயர் போட்டிருந்தது. அதை வாங்கியவர்கள் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னாய்.

"புகழ்ந்தவன விடு. திட்டுனவன் என்ன திட்டிருக்கான்னு மட்டும் வாசி."

வாசித்தேன். டப்பா நசுங்கி வந்ததாம். பேட்டரி மூடி லூசாக இருக்கிறதாம். அமுக்கினால் எடுக்கவில்லை என்று ஒருவரும் திட்டவில்லை.

"அப்ப இதான். மூடி லூசுன்னா ரப்பர் போட்டுக்கலாம். அமுக்கி எடுக்கலன்னா எதப் போட?"

வாங்கப் போகும்போது நான்தான் தடுத்தேன். ஒரே ரிமோட்தான், ஆனால் கேமராவில் செருகுகிற வயரின் பின் நாலைந்து விதமாக வந்தது. நீ தொட்டிருந்த வகையின் கீழே உன் கேமராவின் எண் இல்லை. அடுத்த வகையில் இருந்தது. நீ என் தலையில் தட்டி, "பட்டம் வாங்குனதுக்கு இன்னைக்குத்தான்ட்டி பிரயோசனம்" என்றாய்.

ரிமோட் வந்துவிட்டது, அங்கி இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் மாறுவேடப் போட்டிக்கு உடை வாடகைக்கு விடுகிற கடைக்குப் போய் ஒரு வக்கீல் அங்கி கொண்டு வந்தாய். என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது. "நெஞ்சுக்கு மேல எடுக்கேன் வக்கீலம்மா, அசையாம நில்லுங்க."

கேமராவை நீட்டிக்கொண்டு யாராவது எதிரே நின்றால் என் முகம் இறுகிவிடும், உனக்குத் தெரியும். அன்று எதிரே கேமராவைத் தாங்கிய முக்காலி மட்டும்தான் நின்றது. நீ அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, அவள் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து, பட்டனைப் பாதி அமுக்கி நிறுத்தினாய். பாதி அமுக்கினால் கேமரா முகங்களைத் தெளிவாக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் வாய்க்குள் ஆளை எண்ணினாய்.

"ஏட்டி, முதுகுல என்னத்த வச்சுக் குத்துத?"

"உங்க மக பட்டம் சித்தி, கூர்மையா இருக்கும்."

அந்த நொடியில் அமுக்கினாய். படத்தில் அம்மா பாதி திரும்பியிருக்கிறாள். அப்பா வாய் திறந்து ஏதோ கத்துகிறார். நான் பல் தெரியச் சிரிக்கிறேன். ஓரத்தில் நீ மட்டும் நேராக, பொறுப்பாக நிற்கிறாய்.

அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் ஏறியதும் செய்தி பரவியது. ஒற்றைப் பிள்ளையோடு இருக்கிற வீடுகள் இத்தனை இருக்கின்றனவா என்று ஆச்சரியமாக இருந்தது. கரிவலம்வந்தநல்லூர், வாசுதேவநல்லூர் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினோம். முக்காலி என் மடியில் இருக்கும். எல்லா வீட்டிலும் நீ நாலாவதாக நின்றாய். நிற்பதற்கு முன்பு சொல்வாய்: "வேணும்னா பொறவு என்னைய வெட்டிக்கோங்க. எடுக்கும்போது நாலு பேரா இருந்தாப் போதும்." சிலர் வெட்டியும் விட்டார்கள். இரண்டாம் தடவை எடுக்கப் போன ஒரு வீட்டுச் சுவரில் உன் தோள்பட்டை மட்டும் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்து, "நல்லாத்தான் வெட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு முக்காலியை விரித்தாய். முன்பின் தெரியாதவர்களின் குடும்பத்துக்குள் போய் அப்படி நிற்கவும், வெட்டப்பட்டாலும் முகம் வாடாமல் இருக்கவும் உன்னால் முடிந்தது. நான் அந்த வீடுகளில் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுவேன்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை. உன் அம்மா கேமராப் பையை என்னிடம் கொடுத்து, "நீதான கூடப் போவ" என்றாள்.

என் அம்மா எங்கள் படத்தின் முன்னால் மல்லிகைச் சரத்தோடு நின்றாள். உனக்குப் பூ வைக்க வேண்டும். ஆனால் அதே சட்டத்துக்குள் உயிரோடு இருக்கிற நாங்களும் நிற்கிறோம். சரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "நமக்கு வர வேண்டியத அவ வாங்கிக்கிட்டாளோ?"

"கொசு கடிச்சு வந்த காய்ச்சலுக்கு போட்டோ என்னட்டி செய்யும்!" என்று அப்பா கத்தினார். கத்திவிட்டு வாசலுக்குப் போய், நெடுநேரம் உள்ளே வரவில்லை. அப்பா சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பையைத் திறக்கக் கை வரவில்லை.

அப்புறம்தான் ராயகிரியிலிருந்து அந்தப் பெண் ஃபோன் செய்தாள். உன்னைக் கேட்டாள். சொன்னேன். "நாங்க மூணு பேருதான் இருக்கோம்க்கா. ஊர்ல இருக்க எங்க மாமியா அப்படி எடுக்கக் கூடாதுங்காங்க" என்று தயங்கினாள். "நான் வாரேன்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அம்மாவுக்குத் தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "எடுக்கதுக்குப் போ. நிக்கதுக்குப் போவாத."

"யாராவது நிக்கணும்லாம்மா."

"அது நீயா இருக்கணுமா?"

இன்று காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்படி இறங்கும்போது, அம்மா வெளியில் கட்டுகிற சேலையோடு பின்னால் வந்தாள்.

"நீ எங்கம்மா?"

"நானும் வாரேன். அந்தப் பிள்ளைய எல்லா வீட்டுலயும் ஒத்தையா நிக்க விட்டுட்டோம். நீ நின்னா நானும் நிப்பேன். எது வந்தாலும் பங்கு வச்சுக்கிடுவோம்."

பஸ்ஸில் முக்காலியை அம்மாதான் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டு முற்றத்தில் மூன்று பேரையும் நிறுத்தி, அம்மாவை ஓரத்தில் நிறுத்தி, அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நீ சொல்வதைச் சொல்ல வேண்டும் என்று வழி முழுதும் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"வேணும்னா பொறவு எங்கள வெட்டிக்கோங்க."

அந்தப் பெண், குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே திரும்பினாள். "எதுக்குக்கா வெட்டணும்? நீங்களும் அம்மாவும் அப்படியே இருங்க."

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் என் கை இருந்தது. அவள் நெளிந்தாள், ஆனால் இந்தத் தடவை திரும்பாமல் நேராக நின்றாள். எதிரே முக்காலி மட்டும். பாதி அமுக்கி, உன்னைப் போலவே வாய்க்குள் ஆளை எண்ணினேன். ஐந்து பேர். உன் முடி சுற்றியிருக்கிற வளையம் உள்ளங்கையில் உறுத்தியது. சிரித்துக்கொண்டே முழுசாக அமுக்கினேன்.