இரண்டாம் லிஃப்ட் மெதுவாக நிற்கிறது

மார்ச் 4, செவ்வாய்

இயற்பியல் அறிமுகத் தேர்வு இரண்டாம் தடவையும் போச்சு. 34. தேற 40 வேண்டும்.

அவரவர் வேகத்தில் படிக்கும் பட்டப்படிப்பு இது. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் துரத்த மாட்டார்கள் என்று சேரும்போது சொன்னார்கள். வீட்டுக்காரர் துரத்துகிறார். "நாப்பத்தஞ்சு வயசுல அறிவியல்தான் கிடைச்சுதா? வரலாறு எடுத்திருந்தா கதை மாதிரி படிச்சிட்டுப் போயிருக்கலாம்ல, விஞ்ஞானி?" பஸ் ஓட்டுகிறவர். கியரைத் தவிர எதையும் மாற்றப் பிடிக்காது.

இருபத்திரண்டு வருஷமாக ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து பதினோரு மாடி ஏறி இறங்குகிறேன். அது எப்படிக் கிளம்புகிறது, எப்படி நிற்கிறது என்று நான் தெரிந்துகொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? மறுபடி எழுதுவேன்.

மார்ச் 6

செய்முறைப் பாடம் வந்திருக்கிறது. "உங்களைச் சுற்றி நகரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் வேகம் மாறும் விதத்தை நான்கு வாரம் அளந்து எழுதுக." லிஃப்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மார்ச் 10, திங்கள்

கட்டடம் திறக்கும் முன்பே போய்விட்டேன். வீட்டிலிருந்து எடை பார்க்கும் மெஷினைப் பையில் கொண்டுபோய், லிஃப்ட் தரையில் வைத்து ஏறி நின்றேன். சும்மா நிற்கும்போது 62 கிலோ. கீழே வந்து தரைத்தளத்தில் நிற்கும் அந்த நொடியில் முள் 68க்குத் தாவித் திரும்புகிறது. இறங்கி வரும் என்னை நிறுத்த, தரை கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஆறு கிலோதான் பிரேக்கின் பிடி.

இத்தனை வருஷம் உள்ளங்காலுக்கு மட்டும் தெரிந்த விஷயம்!

என்னுடையது இரண்டாம் லிஃப்ட். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றாம் லிஃப்டையும் அளந்தேன். இரண்டும் 68.

மார்ச் 17

ஒன்று: 68. இரண்டு: 67.

மார்ச் 24

ஒன்று: 68. இரண்டு: 66. ஐந்து தடவை பார்த்தேன். 66தான்.

மார்ச் 31

ஒன்று: 68. இரண்டு: 65½. நான்கு வாரமும் ஆயிற்று. அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

கட்டட மேனேஜர் என் லிஃப்டில் ஏறினார். "என்னம்மா, உங்க லிஃப்ட் இப்பல்லாம் வெண்ணெய் மாதிரி நிக்குது! முன்னாடி குலுக்கி எடுக்கும்." நானே சரிசெய்த மாதிரி பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

20க்கு 9. பாட வழிகாட்டி அம்மா சிவப்பில் எழுதியிருக்கிறார்: "ஒரே லிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறாது. அளவீட்டுப் பிழை. மீண்டும் செய்யவும்."

பிழையா? அதே மெஷின், அதே கால், அதே காலை நேரம். ஒன்றாம் லிஃப்ட் நாலு வாரமும் 68 காட்டுதே, அங்க மட்டும் எனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுதா? மாத்தி எழுத மாட்டேன். 68னு நாலு தடவை எழுதிக் குடுத்திருந்தா பதினெட்டு மார்க் வாங்கியிருப்பேன். வேண்டாம்.

ஆனால் ஏன் குறைகிறது?

ஏப்ரல் 7, திங்கள்

65.

இன்று நாலாம் மாடி சிறுநீரகச் சிகிச்சை மையத்திலிருந்து கீழே வந்த பெரியவர், தரைத்தளத்தில் லிஃப்டை விட்டு வெளியே கால் வைக்கும்போது தடுக்கி விழப்போனார். நல்லவேளை, கையைப் பிடித்துவிட்டேன். லிஃப்ட் வெளித்தரைக்கு இரண்டு விரல் கீழே நின்றிருந்தது. நான் ஒருத்தி மட்டும் இறங்கி வந்தபோது ஒரு விரல்தான். எட்டுப் பேர் ஏறினால் நாலு விரல்.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் புத்தகத்தை எடுத்தேன். நிறுத்தும் பிடி பாதியானால், நிற்க எடுக்கும் தூரம் இரண்டு மடங்கு. முன்பு ஆறு கிலோ, இப்போது மூன்று. பாதி. அதனால்தான் தாண்டிப்போய் நிற்கிறது. அதனால்தான் குலுக்கல் இல்லை.

வெண்ணெய் இல்லை. வழுக்கல். பிரேக் பிடிக்கவில்லை.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்தார். "பஸ்ஸா இருந்தா அந்த வண்டிய நான் எடுக்க மாட்டேன்" என்றார்.

ஏப்ரல் 8

மேனேஜரிடம் கணக்கைக் காட்டினேன். தாளைப் பார்க்கவேயில்லை.

"படிக்கிறேன்னு சொன்னப்போ சந்தோஷப்பட்டேன்மா. அதுக்காக இன்ஜினியர் ஆயிட்டீங்களா? சர்வீஸ் அடுத்த மாசம் வருது."

"அதுவரைக்கும் நான் ஓட்ட மாட்டேன் சார்."

"ஓட்டச் சொன்னா ஓட்டணும்."

லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்தி, சாவியைக் கழற்றி, கதவில் தாளை ஒட்டினேன்: "பிரேக் பழுது. ஏறாதீர்கள்." எழுத்து கோணலாகத்தான் வந்தது. படிக்க முடிகிறது, போதும்.

லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் அவசர எண்ணில் மெக்கானிக்கையும் கூப்பிட்டேன்.

ஏப்ரல் 9

மெமோ. "பணி செய்ய மறுத்தது." இருபத்திரண்டு வருஷத்தில் முதல் மெமோ. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். சாவியைக் கொடுக்கவில்லை.

வேலையே போய்விட்டால்? போகட்டும்— இல்லை, போகக் கூடாது. அதற்காக நாலாம் மாடிக்காரர்களை அதில் ஏற்றவும் மாட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மெக்கானிக் வந்தார். மொட்டைமாடி மோட்டார் அறைக்கு நானும் ஏறினேன். மேனேஜர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார். மெக்கானிக் பிரேக்கைத் திறந்து, உள்ளே விரலைத் தேய்த்து எங்களிடம் நீட்டினார். கறுப்பாக, பளபளவென்று எண்ணெய். கியர்பெட்டியிலிருந்து கசிந்து பிரேக் கட்டைக்கு வந்திருக்கிறது.

"ஆள் நிறைய ஏறி, கீழ வரும்போது மொத்தமா விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர், மேனேஜரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு என்னிடம், "அக்கா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். கணக்குத் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்தார்.

மேனேஜர் படிக்கட்டில் இறங்கிப் போனார்.

ஏப்ரல் 21

மெக்கானிக்கின் அறிக்கையை நகலெடுத்து வழிகாட்டி அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். இன்று அவரே போனில் வந்தார். "பிழை உங்களோடது இல்லைங்க, என்னோடது. மாறுதுன்னா ஏன்னு நான் கேட்டிருக்கணும்." 20க்கு 18.

புது பிரேக் கட்டை போட்டபின் அளந்ததையும் சொன்னேன். இரண்டாம் லிஃப்ட்: 68. நன்றாகக் குலுக்குகிறது.

மே 19, திங்கள்

தேர்வு முடிவு வந்துவிட்டது. 61. வேதியியலுக்குப் பதிவு செய்தாச்சு.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் என் கோப்பு விரித்தபடி இருந்தது. ரொம்ப மரியாதையாக உட்காரச் சொன்னார். "ஒரு வரி வருத்தம் தெரிவிச்சு எழுதிக் குடுத்துடுங்கம்மா. மெமோவைக் கிழிச்சுப் போட்டுடலாம். உங்க ரெக்கார்டும் சுத்தமா இருக்கும்."

"எதுக்கு சார் வருத்தம்?"

"சும்மா, ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்."

மெமோவை என் பக்கம் திருப்பி ஒருமுறை நிதானமாகப் படித்தேன். பணி செய்ய மறுத்தது. தேதி, நேரம், லிஃப்ட் எண், எல்லாம் இருந்தது.

"இதுல ஒரு தப்பும் இல்லையே சார். மறுத்தேன். அப்படியே இருக்கட்டும்."

நாலாம் மாடியிலிருந்து மணி அடித்தது. எழுந்து போய்விட்டேன்.