பச்சை அடித்த பம்பு

ஆவடி,
18.6.1991

அன்புள்ள தம்பி ராஜசேகரனுக்கு,

அக்கா லோகநாயகி எழுதுவது. இங்கே குவார்ட்டர்ஸில் நானும் உன் மாமாவும் சுகம். பஞ்சாயத்துத் தலைவராக நீ ஊரை நன்றாகவே ஆண்டுகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே என்னிடம் வந்திருக்கும் உன் மகள் வசந்தாவைப் பெண் பார்க்க நெமிலிச்சேரியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு உன் மாமா வேலை பார்க்கும் தொழிற்சாலையில்தான் வேலை. பஜ்ஜி நன்றாக வந்திருந்தது. வசந்தா வாயை இறுக மூடியபடி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா தாயம்மாள், "இன்னாம்மா, பொண்ணு சிரிக்கவே மாட்டேன்னுது? பல்லு கில்லு கீதா, இல்லியா?" என்றார். பத்தொன்பது வயதுப் பெண், அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். தாயம்மாள் தம்ளரைக் கீழே வைத்தார். "பொகையில போடுற பொண்ணு எங்க ஊட்டுக்கு ஒத்துவராதும்மா. எந்திரி நைனா" என்று மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

புகையிலையைத் தொட்டே அறியாத பெண்ணைப் பூந்தமல்லியில் பல் டாக்டர் நசீம் பானுவிடம் அழைத்துப் போனேன். நீ சொன்னபடி செங்கல் பொடியால் தேய்த்துத் தேய்த்து ஈறு புண்ணானதுதான் மிச்சம். அவள் பல்லில் இருக்கும் அந்தப் பழுப்பு வெளியே படிந்த அழுக்கு இல்லையாம். சின்ன வயதில் ஈறுக்குள் பல் உருவாகும்போதே இறங்கியதாம். குடித்த தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், காய்ச்சினாலும் போகாது, எலும்பையும் அது விட்டுவைக்காது என்றார். வம்சக் கோளாறு என்று நீ எழுதியிருந்தாய். உனக்கும் எனக்கும் பல் வெள்ளை. நாம் ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்கள். ஆழ்குழாய் பம்பு வந்தது வசந்தா பிறந்த வருஷம்.

எங்கே எடுத்த தண்ணீர் என்று டாக்டர் கேட்டார். நீ மறந்திருக்கலாம் என்பதால் வசந்தாவின் பதிலை அப்படியே எழுதுகிறேன். "செவப்பு பெயிண்ட் அடிச்சாங்களே, அந்தப் பம்பு டாக்டர். அப்பா அது மேல பச்சை அடிச்சுட்டாரு." தண்ணீரைச் சோதித்தவர்கள், இதைக் குடிக்காதீர்கள், கிணற்றுக்கே போங்கள் என்று அடையாளம் வைத்துவிட்டுப் போனார்களாம். நீயோ, "செவப்பு பூசுன ஊர்ல எவன் பொண்ணு எடுப்பான்?" என்று ஆள் வைத்து அதை மறைத்தாயாம். ஊர்ப் பெண்களின் வரனைப் பற்றி உனக்கு இவ்வளவு அக்கறை இருப்பது மெச்சத் தக்கது. ஊர் மானத்துக்குப் பல் கிடையாது, எனவே அதில் கறையும் இல்லை. பிள்ளைகளுக்குத்தான் பல் இருந்து தொலைக்கிறது.

கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, திமிர் பிடித்தவள் என்று பொங்கலின்போது உன் மனைவி செண்பகத்தைப் பற்றிக் குறைப்பட்டாய். அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. எலும்பு இறுகிக் கழுத்து திரும்பவில்லை, ராஜசேகரா. உன்னைப் பார்க்க அவள் உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறது. அவ்வளவு சிரமப்பட்டுப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று அவள் கேட்காதது அவள் நல்ல குணம்.

உன் மகன் உத்தமனுக்கு நாலு வயது. பால் பற்களுக்கு அடியில் அவனுடைய நிலைப்பற்கள் இப்போதுதான் உருவாகின்றன. முன்பற்களில் கொஞ்சம் இறங்கியிருக்கலாம், அந்தத் தண்ணீரை இன்றே நிறுத்தினால் மீதியைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மாமா தர்மபுரி பஸ்ஸில் வருகிறார். பிள்ளையையும் செண்பகத்தையும் அவரோடு அனுப்பு. வசந்தா இங்கேயே இருப்பாள். இதற்கெல்லாம் உன் சம்மதத்தை நான் கேட்கவில்லை. தலைவர் வீட்டிலேயே ஆள் இல்லையா என்று ஊரில் கேட்பார்கள். காரணத்தைச் சொல். சொன்னால் மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளைக் கிணற்றுக்கு அனுப்புவார்கள்.

பலகாரம், துணிமணி எதையும் கட்டிக் கொடுக்காதே. வழியில் பிள்ளைக்குத் தாகமெடுத்தால் கொடுக்க, உன் மாமா இங்கிருந்தே தண்ணீர் எடுத்து வருகிறார்.

உன்னை வாழ்த்தாமல் நான் கடிதம் முடித்ததில்லை. உன் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
லோகநாயகி