யாரும் மறுக்கவில்லை

1851, பத்தாம் மாதம் 5

“எனக்குச் சம்மதமில்லை.” இன்று நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்.

எங்கள் சபையில் கைதூக்கி எண்ணும் வழக்கமில்லை. யாரும் மறுக்காவிட்டால் அது எல்லோருடைய முடிவு. ஒரே ஒருவர் எழுந்து மறுத்தாலும் அது நின்றுவிடும். ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் பலகைத் தடுப்பை ஏற்றிவிட்டு, சபையின் எழுத்தரான அப்பா கேட்டார்: “டாமரிஸ் பேசுறதுக்குச் சபை வீட்டத் திறந்துவிட வேண்டாம்னு முடிவு பண்ணலாமா?”

மேரிலாந்தில் அடிமையாக இருந்து தப்பி வந்து எங்கள் வீட்டில் துணி தேய்க்கிறவள் டாமரிஸ். கறுப்பர்களுக்கென்று மாடிப்படிக்கடியில் ஒதுக்கிய பலகையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சபையில் அவளைச் சேர்க்கவில்லை. அவள் மறுக்க முடியாது.

மௌனம். அவள் இருமினாள். அப்பா எழுதிக்கொண்டார்.

6

“அடுத்த வருசம் பாத்துக்கலாமே” என்றேன் டாமரிஸிடம். இஸ்திரிப் பெட்டியை அடுப்பில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“அடிமைங்க விளைவிச்ச சர்க்கரைய உங்கப்பா நாக்குல வைக்க மாட்டாரு. நான் சர்க்கரையாப் பொறந்திருந்தா எனக்காகவும் நாலு வார்த்தை பேசியிருப்பாரு, இல்ல அபிகேல்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“எம் மக ரூத் இன்னும் அங்கதான் இருக்கா. அவளக் கூட்டிட்டு வரத் துணிஞ்ச ஆளு வேணும். வாயத் தொறக்காம எப்படிக் கிடைக்கும்? மாவுமில் மைதானத்துல பேசிக்கிறேன்.”

11

டாமரிஸைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தப்பிய அடிமைகளைப் பிடிக்க எல்லை தாண்டி வந்தவர்கள் கூட்டத்தோடு நின்றிருந்தார்களாம். மகள் பெயரைச் சொல்லும்போதே கையைக் கட்டினார்களாம். தப்பி வந்தவர்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் புதுச் சட்டம் அவர்கள் பக்கம்.

சபை வீடென்றால் செங்கல் சுவர், பின்வாசல், கதவில் எங்கள் ஆட்கள் — ஐயோ, எனக்கு ஏன் வாயே வரல? அப்பா முகத்தைப் பாத்துட்டு உக்காந்தேனே. அவ்வளவு படிச்சு என்ன?

12

மௌன வழிபாடு. பின்னால் இருமல் கேட்டது. திரும்பினேன். பலகை காலி.

19

மறுபடியும் கேட்டது. பக்கத்தில் அத்தை மகள் மெர்சி, “என்னடி திரும்பித் திரும்பிப் பாக்குற? அங்க யாரு இருக்கா?” என்றாள்.

அதைத்தானே நானும் கேட்டுக்கொள்கிறேன்.

27

அவள் தேய்த்து மடித்த கடைசித் துப்பட்டியை யாரும் விரிக்கவில்லை. அப்பா தேநீரில் மேப்பிள் பாகை ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

பதினொன்றாம் மாதம் 2

அப்பா கேட்டார்: “அடிமைங்களப் பத்தின எந்தக் கூட்டத்துக்கும் இனிமே சபை வீட்டத் தர வேண்டாம். சம்மதந்தானே?”

மௌனம். அந்த இருமல். இந்த முறை நான் திரும்பவில்லை; எழுந்தேன்.

“எனக்குச் சம்மதமில்லை.”

“அபிகேல், யோசிச்சுத்தான் சொல்றியா?”

“ஒரு மாசமா அதத்தாம்ப்பா யோசிச்சேன்.”

யாரோ பெருமூச்சு விட்டார்கள்.  அப்பா பேனாவைக் கீழே வைத்தார். அந்த முடிவு எழுதப்படாமலே நின்றுபோனது.

16

சபை வீட்டைத் திறந்தோம். டாமரிஸ் சொல்ல வந்ததை நான் சொன்னேன். ரூத்தை அழைத்துவர இரண்டு பேர் எழுந்தார்கள்.

டாமரிஸை அதற்குள் ஜார்ஜியாவுக்கு விற்றுவிட்டிருந்தார்கள்.