பட்டியலில் இல்லாத உன் அப்பா

சான் கார்லோஸ், பங்கசினான்
23 மார்ச் 1992

அன்பு மகள் லுத்கார்தாவுக்கு,

நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. சிகாகோப் பனியில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். ஒன்பது வரியில் கடிதத்தை முடிக்கும் நர்ஸ், நோயாளிகளையாவது முழுதாகப் பார்க்கிறாள் என்று நம்புகிறேன்.

அப்பாவின் காலாட்படை டிவிஷன் வரலாறு, போரின் ஐம்பதாம் ஆண்டுக்குப் புத்தகமாக வருகிறது. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்று, முன்னாள் வீரர் சங்கச் செயலாளர் காலிக்ஸ்தோ பிழை திருத்த என்னிடம் கொடுத்தார். பத்தான் போர்முனையில் ஜப்பான்காரர்கள் மேல் சிங்கங்களைப் போலப் பாய்ந்தார்களாம், அந்த வரியை அடித்துவிட்டேன். இரண்டு வாரத்தில் கிழிந்த கான்வாஸ் ஷூ, தென்னை நார்த் தொப்பி, சுட்டபின் தோட்டாக்கூடு சிக்கிக்கொள்ளும் பழைய துப்பாக்கி, அதைக் குத்தித் தள்ள ஆளுக்கொரு மூங்கில் குச்சி, அதை எழுதச் சொன்னேன். கடைசியில் வீரர் பட்டியல். அதில் செவேரோ பெரியப்பா இருக்கிறார், உன் அப்பா இல்லை. பதினேழு வயதில் அண்ணனின் ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டிச் சேர்ந்தவர் அல்லவா, ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை. உயிரோடு இருந்தவரை அவரும் சிரித்துக்கொண்டே அண்ணனை ஏப்ரல் ஒன்பதாம் தேதி பத்தான் நினைவு அணிவகுப்புக்கு அனுப்பினார். பெரியப்பாவோ நாற்பது வருடமாக முன்வரிசையில் உட்கார்ந்து, போகாத போரைப் போனவரைவிட நன்றாகச் சொல்லப் பழகிவிட்டார்.

இப்படியே அச்சேறினால் உன் அப்பா போருக்கே போகவில்லை என்றாகிவிடும். சண்டைக்குத் தயாராகத்தான் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். சண்டைச் சேவலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு, நான் நீட்டிய பட்டியல் பக்கத்தைப் படித்தார். "என் பேரை எடுத்துட்டா, ஏப்ரல் ஒம்பதாம் தேதி நான் எங்கம்மா போவேன்?" என்றார். சண்டை போடாமலே திரும்பிவிட்டேன். இதை யாரிடமும் சொல்லாதே. பக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

நேற்றுப் பூசை முடிந்து சங்கக் கூட்டம். காலிக்ஸ்தோ தடுக்கத் தடுக்கப் பெரியப்பாவே எழுந்தார். "பத்தானை நான் பார்த்ததே இல்ல. அப்போ வயல் உழுதுட்டிருந்தேன். என் பேர்ல போனது தம்பி பௌதிலியோ," என்றார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அங்கேயே சிவப்பு மையால் பட்டியலைத் திருத்திவிட்டு, ஒன்பதாம் தேதி வீரர் குடும்பங்களின் வரிசையில் என் பக்கத்து நாற்காலி உங்களுக்கு, ஏழு மணிக்கு வந்துவிட வேண்டும், போர்க்கதை ஆரம்பித்தால் விசிறியால் ஒன்று போடுவேன் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட வேண்டுமா என்று கேட்டார். பின்னே வேண்டாமா?

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. கம்பளிக் காலுறை போடு, ஞாயிறு பூசையை விடாதே. ஒன்பதாம் தேதி அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

ஆசிகளுடன் உன் அம்மா,
எஸ்கோலாஸ்திகா,
படைவீரர் பௌதிலியோவின் மனைவி