ஊரை விட்டுப் போன அணிக்கு ஒரு டப்பா கேசரி

அண்ணா,

குளிர்காலத் துணிகளை இறக்கும்போது உங்கள் கம்பளித் தொப்பி அந்துருண்டை வாசனையோடு என் மடியில் வந்து விழுந்தது. நீலமும் மஞ்சளும், ஒரு பக்கம் நூல் பிரிந்திருக்கிறது. மெல்போர்னில் நம் மல்கிரேவ் பகுதியே வெயிலில் வெந்துகொண்டிருந்த திங்கட்கிழமைகளிலும் இதைத் தலையில் மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மனுஷர் நீங்கள். உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு கலா அக்கா இதை என் கையில் திணித்தார். "இவற்ற தொப்பியைப் பாத்து நீதான் நல்லாச் சிரிக்கிறனீ. நீயே வைச்சிரு" என்றார். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டுத்தான் எழுந்தேன்.

காரணம் இருக்கிறது. நேற்று உங்கள் மகள் போன் செய்தாள். "அன்ரி, அப்பான்ர பழைய ரீம் மெல்பேர்னுக்கு விளையாட வருது. ரெண்டு டிக்கெட் எடுத்திட்டன், உங்களுக்கும் எனக்கும். ஆனா அப்பா இதுக்குப் போயிருப்பாரோ? ஐ டோன்ட் நோ. நீங்கதான் சொல்லோணும்." பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு வைத்துவிட்டாள். நான் யாரைக் கேட்பேன்? கேட்க வேண்டிய ஆள் நீங்கள்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் திருச்சியிலிருந்து வந்து அந்த ஆபீசில் சேர்ந்த போது எதிர் மேசை உங்களுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்ற ஊரில் படித்தவர், அமெரிக்க ஃபுட்பால் பைத்தியம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஊரே ஃபூட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து பார்க்கும் மெல்போர்னில் நீங்கள் மட்டும் திங்கட்கிழமை லீவு போடுவீர்கள், அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை வந்து வேலை செய்வீர்கள். மேலாளர் கேட்டபோது, "அங்க ஞாயிறு விளையாடினா எனக்கு அது திங்கள் விடியுது. நான் என்ன செய்யிறது?" என்று அவரையே திருப்பிக் கேட்டீர்கள். உங்கள் வீட்டுச் சுவரில் ஓர் அணியின் படம். அந்த அணியின் ஆட்டம் ஒன்றையும் நீங்கள் விட்டதில்லை. யார் ஜெயிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள் என நான் கேட்டதே இல்லை. என் முட்டாள்தனம் அதுதான்.

ஒரு திங்கள் மதியம் அந்த அணி பெரிய கோப்பையை வென்றதாகப் போனில் செய்தி வந்தது. அதே பெயர், அதே தலைக்கவசம். வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, நெய்யைத் தாராளமாக ஊற்றிக் கேசரி கிண்டி, டப்பாவோடு உங்கள் வாசலில் வந்து நின்றேன். கதவைத் திறந்ததும், "அண்ணா, உங்க டீம் ஜெயிச்சிருச்சு!" என்று கத்தினேன்.

நீங்கள் டப்பாவைப் பார்த்தீர்கள். "அது எங்கட ரீம் இல்லை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டீர்கள். கலா அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "ஐயோ பிள்ளை! இண்டைக்கு இந்த வீடு செத்த வீடு மாதிரிக் கிடக்கு. நீ கேசரியோட வந்து நிக்கிறாய்!" அந்த அணி செயின்ட் லூயிஸை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டதாம். அது தோற்பதைப் பார்க்கத்தான் நீங்கள் லீவு போட்டுக்கொண்டிருந்தீர்களாம்!

அதன் பிறகு என் மேசைப் பக்கம் வராமல் காப்பி மெஷினுக்குச் சுற்றிக்கொண்டு போனீர்கள். இந்த ஊரில் அண்ணா என்று கூப்பிட எனக்கு இருந்தது நீங்கள் ஒருவர்தான். ஒரு கேசரியால் அதுவும் போயிற்றே என்று காரில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன், இப்போது சொன்னால் என்ன? மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் உங்கள் வீட்டுக்கே வந்தேன். "தெரியாம செஞ்சிட்டேன். என்னன்னு சொல்லிட்டாவது கோவப்படுங்க" என்றேன்.

சொன்னீர்கள். அந்த ஊருக்கு முதலில் வாய்த்த அணி சிகாகோவிலிருந்து வந்தது. பல வருஷம் இருந்துவிட்டு, பாலைவன ஊர் ஒன்றுக்குப் போய்விட்டது. நீங்கள் படிக்கப் போன சமயத்தில் ஊரில் அணியே இல்லை. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து இந்த அணி வந்தது. உங்கள் அறைக்குக் கீழே லாண்டரி நடத்திய அம்மா, ஆளில்லாமல் கிடந்த உங்களை ஆட்டத்துக்குக் கூட்டிப்போய், குளிரில் வரிசையில் நிற்கும்போது தன் தலையிலிருந்த இந்தத் தொப்பியைக் கழற்றி உங்களுக்குப் போட்டுவிட்டார். அதே அணி கோப்பை வென்றபோது முன்பின் தெரியாதவர்கள் தெருவில் உங்களைக் கட்டிப்பிடித்தார்கள். கடைசியில் அதுவும் வந்த இடத்துக்கே திரும்பிப் போய்விட்டது.

"ஊரை நினைச்சுத்தானே அண்ணா இவ்வளவு வருத்தம்? யாழ்ப்பாணத்த?" என்றேன்.

"எல்லாத்துக்கும் யாழ்ப்பாணத்தை இழுக்காதை. இது ஃபுட்போல்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. "அப்போ அதுவும் இன்னொரு ஊர்லேருந்து வந்த டீம்தானே? அந்த ஊர்க்காரங்க மட்டும் அன்னைக்கு அழுதிருக்க மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

தீர்ந்தது, இனி இந்த வீட்டுப் படி ஏற முடியாது என்று நினைத்தேன். நீங்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள். "ஓம். இதைப் போட்டுக்கொண்டு துள்ளேக்க நான் அதை யோசிக்கேல்லை" என்றீர்கள். தன்னைவிட வயதில் சின்னவள் சண்டைக்கு நின்றபடி கேட்ட கேள்விக்கு இப்படிப் பதில் சொன்ன ஆண்பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "கலா, அந்தக் கேசரி மிச்சம் கிடக்கே?" என்றீர்கள். அக்கா அதை ஃப்ரீசரில் வைத்திருந்தார்! சூடாக்கிக் கொடுத்ததும் முழுவதையும் சாப்பிட்டீர்கள். "கேசரி நீ செய்தது. அதோட எனக்கென்ன கோவம்?"

அடுத்த வருஷம் சின்ன லீக் ஒன்று மறுபடி தொடங்கி, செயின்ட் லூயிஸ் பெயரிலும் ஓர் அணி ஆடியது. அந்த ஊரில் நடந்த முதல் ஆட்டத்தை உங்கள் வீட்டு டிவியில் பார்க்க என்னையும் கூப்பிட்டீர்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. நீங்கள் தொப்பியோடு எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியே பிள்ளை, சனம் போகேல்லை. சனம் அங்கதான் நிக்குது" என்றீர்கள். அதற்குப் பிறகு, அந்தப் பழைய அணி தோற்பதைப் பார்ப்பதற்கென்று நீங்கள் ஒரு நாளும் லீவு போடவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதனால் உங்கள் மகளிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். போகிறோம். அந்தச் சமயம் இங்கே தொப்பிக்கு ஏற்ற குளிரும் இருக்கும். பிரிந்த நூலைத் தைத்துப் போட்டுக்கொண்டு வருவேன். அந்த அணி புள்ளி எடுக்கும்போது மைதானமே எழுந்து ஆர்ப்பரிக்கும். நாங்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மடியில் ஒரு டப்பா கேசரி இருக்கும். பக்கத்து இருக்கையில் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர் யாராவது இருந்தால், அவருக்கும் ஒரு கரண்டி கொடுப்பேன். அவர்களும் ஒரு காலத்தில் அழுதவர்கள்தானே.

கை மட்டும் தட்ட மாட்டேன், அண்ணா.