தூபுவின் பால்பற்கள்

மார்ச் 4
இன்றைக்கு என் மணிக்கட்டு. நேற்று கடை முக்காலியின் கால். பல் முளைக்கிற நாய்க்குட்டிக்கு எதையாவது கடிக்காமல் ஆகாது. மகன் தேரிம் காதலியோடு சேர்ந்து வாங்கினான், பிரிந்ததும் இங்கே கொண்டுவந்து விட்டான். "கொஞ்ச நாள்தாம்மா." வெள்ளையாக இருப்பதால் தூபு, சோயாக்கட்டி. பேரை மட்டும் ஆசையாக வைத்திருக்கிறார்கள்.

கடிக்க ஏதாவது வாங்கவேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "பன்னியெலும்பு சூப்புக் கடை வெச்சிருக்கோம், தேரிம் அம்மா. நாய்க்குக் கடிக்கிற சாமான் காசு குடுத்து வாங்கணுமா?"

மார்ச் 7
தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். வெந்த எலும்பு வேண்டவே வேண்டாம், ஊசி ஊசியாக உடைந்து குடலில் குத்தும் என்றார். நாய் கடிப்பதற்கென்று விற்கிற மான்கொம்பும் கூடாது, பல் உடையும். கடிக்கக் கொடுக்கிற சாமானைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும். விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும். ஈரத்துணியை முடிச்சுப்போட்டு உறையவைத்துக் கொடுத்தால் ஈறு எரிச்சல் அடங்குமாம், கிழிக்காமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளவேண்டும்.

நாய்ச் சாமான் விற்கிற கடையில் எல்லாவற்றிலும் 'குட்டிகளுக்கு' என்றுதான் போட்டிருக்கிறது. பாதி கல் மாதிரி. ஒவ்வொன்றாக நகம் வைத்துப் பார்த்தேன். விற்கிற பெண் பொறுக்கமாட்டாமல், "அக்கா, இதென்ன தக்காளியா, அமுக்கி அமுக்கிப் பாக்குறீங்க?" என்றாள். மெத்தென்ற ரப்பர் வளையம் ஒன்று தேறியது.

மார்ச் 8
உறைந்த துணியைக் கவ்விக்கொண்டு தூபு கண்ணை மூடிப் படுத்திருந்தது. அவர் கடையில் சோஜு சாராயம் குடிக்கிறவர்கள் முன்னால் கேட்கிறார்: "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இப்படி ஒரு துணி போட்டியா?"
போட்டேன். ராத்திரி முழுக்க. நினைவில்லை அவருக்கு.

மார்ச் 19
சந்தைக்குப் போய்த் திரும்பினால், மேசைக்கு அடியில் தூபு, வாயில் முதுகெலும்புத் துண்டு. சூப்பிலிருந்து எடுத்தது.

"பாரு, எவ்வளவு சந்தோசமா இருக்கு! உன் ரப்பரைத் திரும்பிக்கூடப் பாக்கல," என்றார் அவர்.

உண்மைதான். அதுதான் சுட்டது. வாயிலிருந்து பிடுங்கினேன். என்னைப் பார்த்து உறுமியது. இதுவரை உறுமியதில்லை.

மார்ச் 21
காலையிலிருந்து வாந்தி. தண்ணீர்கூடத் தங்கவில்லை. முதுகு வில்லாக வளைந்துவிட்டது. எக்ஸ்ரேயில் குடலுக்குள் வெள்ளையாக ஒரு சில்லு. உடனே அறுக்கவேண்டும்.

"எலும்பு யார் குடுத்தது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

என் பக்கத்தில் நின்றவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இவதாங்க அதைப் பாத்துக்குறா. எனக்கு என்ன தெரியும்?"

"அன்னைக்கு அவ்வளவு சொன்னேனேம்மா," என்று டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை! நான் வாயே திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? வாய் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்றா எனக்கு?

மார்ச் 22
உயிர் பிழைத்தது.

மார்ச் 26
அடுப்படியில் இருந்தேன். வெளியே அவர் குரல்: "எங்க வீட்டுக்காரி ரப்பர் வாங்கிப் போட்டா பாருங்க, அதைத் தின்னுட்டுக் குடலையே அறுக்கவேண்டியதாப் போச்சு." எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கரண்டியோடு வெளியே வந்தேன். "ரப்பர் இல்ல. எலும்பு. நீங்க குடுத்தது."

சிரிப்பு நின்றது. அவர் நிமிரவே இல்லை. "ரெண்டாவது மேசைக்கு முள்ளங்கி கேக்குறாங்க. போய் எடுத்து வை."

எடுத்து வைத்தேன். சீ.

ஏப்ரல் 2
தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்புப் பட்டையோடு தூபு வீடு வந்தது. என் மடியிலிருந்து இறங்கி நேராக அவரிடம் ஓடி, கையை நக்கியது. அந்தக் கை எலும்பு மணக்கிற கை.
"பாத்தியா?" என்றார்.
பார்த்தேன்.

ஜூன் 14
பால்பல் எல்லாம் விழுந்துவிட்டது. இப்போது எதையும் கடித்துக் குதறுவதில்லை. சொன்ன இடத்தில் உட்காருகிறது. இதைத் தெரிந்துகொண்டு வந்த மாதிரி தேரிம் வந்தான், சியோலிலிருந்து, வேறொரு பெண்ணோடு.

"நல்லா வளத்துட்டீங்கம்மா! நாங்க கூட்டிட்டுப் போறோம்."

"அவன் பேர்லதானே நாய் பதிஞ்சிருக்கு," என்றார் அவர்.

அந்தப் பெண் பையிலிருந்து ரிப்பன் கட்டிய மான்கொம்பை எடுத்தாள். "இயற்கையானதும்மா. தூபுவுக்கு எங்க பரிசு." நகம் வைத்து அழுத்தினேன். நகம்தான் மடங்கியது. இது வேண்டாம், பல் போய்விடும் என்றேன்.

"நாய்க்குப் போய் இவ்வளவா, தேரிம் அம்மா!" என்றான் என் மகன், அப்பாவின் குரலிலேயே. அப்பாவும் மகனும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தப் பெண் பாவம், எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள்.

நான் சூப்பு ஊற்றி வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பின்கதவைத் திறந்து தூபுவைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். கையில் சமையல் வாசனை. மாற்றுத்துணிகூட எடுக்கவில்லை.

ஜூன் 15
மொக்போ. தங்கை வீடு. தேரிம் அழைத்தான். "அம்மா, இது திருட்டு."
ஆமாம் என்றேன்.

ஜூன் 29
அவர் அழைக்கவில்லை. சமையலுக்கு ஆள் போட்டுவிட்டாராம், தங்கைக்குச் செய்தி வந்திருக்கிறது. இத்தனை சுலபமா?

தூபு சரியாகச் சாப்பிடுவதில்லை. வாசல் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருக்கிறது. தெருவில் ஆண்பிள்ளைக் குரல் கேட்டால் எழுந்து வாலாட்டுகிறது. நான் கூப்பிட்டால் காது மட்டும் அசைகிறது.

"போகப் போகப் பழகிரும்க்கா," என்றாள் தங்கை.

நாயைச் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை.